நான் சாமியாக இருந்த வருடம்

படுக்கையில் என் உடம்பு ஒத்துழைக்காததை மறைப்பதற்காக நான் விரதம் இருந்தேன். பக்தியால் அல்ல! இதுதான் என் குற்றம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கும் இப்போதெல்லாம் சிரிப்புத்தான் வருகிறது...

நான் தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன். சிங்கப்பூரில், தெம்பனிஸ் பக்கம் ஒரு கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஒரு நாள் நான் தூக்கிய சுமை சரிந்தது. கீழே நின்றவர் நூலிழையில் தப்பினார். அவருக்குக் கீறல்கூட இல்லை. மறுநாள் அவரே எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார்.

ஆனால் எனக்குள் அந்தச் சுமை விழுந்துகொண்டே இருந்தது. சோறு இறங்கவில்லை. காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தது. என் மனைவி செல்வியின் அருகில் படுத்தபோது... ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை, நடக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தாலேயே நடக்கவில்லை!

அந்தச் சமயத்தில்தான் செல்விக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தேறி வந்தபின் ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் என்னைப் பிடிக்காமப் போச்சாங்க?"

உண்மையைச் சொல்ல எவ்வளவு நல்ல நேரம்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உனக்கு நல்லபடியா ஆகணும்னு தைப்பூசத்துக்கு வேண்டியிருக்கேன் செல்வி. விரதம். அதான்."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை எப்படித் திரும்ப வாங்குவேன்?

அன்றே பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். விரதக்காரன் மனைவியைத் தொடக்கூடாதே! அப்படி ஒரு நிம்மதி. ஆனால் தைப்பூசம் முடிந்துவிட்டது... பங்குனி உத்திரத்தைப் பிடித்தேன். பிறகு தீமிதி. பிறகு சபரிமலைக்கு மாலை. அடுத்த விரதம் எப்போது வரும் என்று காலண்டரைப் புரட்டியவன் சிங்கப்பூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

தேக்கா சந்தையில் காய்கறிக்காரர்கூட என்னைச் சாமி என்றார். செல்வியின் தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அத்தான், இப்படியே போனா ஆசிரமம் வெச்சிடுவீங்க லா."

செல்வி அவனை அதட்டினாள். எனக்காக விரதம் இருக்கிறார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

நான் இளைத்துப்போனதைப் பார்த்து, அவள்தான் பாலிகிளினிக்குக்கு அனுப்பினாள். மருத்துவர் இளம் சீனப் பெண். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"டாக்டர்... மை மெஷின் நோ ஸ்டார்ட்."

"ஃபோர்க்லிஃப்டா, அங்கிள்?"

நான் குனிந்து என் மடியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிக்கவில்லை. காலையில் விழிக்கும்போதும் அப்படியா என்று கேட்டார். காலையில் சரியாகத்தான் இருக்கிறது என்றேன். ரத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, உடம்பில் குறை தெரியவில்லை, மனம்தான் பயந்து கிடக்கிறது என்றார். அதுவும் நோய்தானாம். குணமாகுமாம்!

அவர் அனுப்பிவைத்த மனநல ஆலோசகர் தமிழர். சரிந்த அந்தச் சுமையைப் பற்றி அவரிடம்தான் முதன்முதலாக வாய் திறந்தேன். அவருடைய டிஷ்யூ பெட்டியைக் காலி செய்துவிட்டு வந்தேன்.

முதலில் தூக்கம் திரும்பியது. அப்புறம் பசி. அப்புறம்... மாலையையும் கழற்றியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை! அதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று செல்வி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஆட்டுக்கறி சமைத்தாள், நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது நாங்கள் புதிதாகக் கல்யாணமானவர்களைப் போலத் திரிகிறோம். பேருந்தில் அவள் என் தோளில் சாய்கிறாள். நான் நாணிச் சிவக்கிறேன், இந்த வயதில்!

அப்படியானால் என்ன குற்றம் என்கிறீர்களா? நோய் குற்றமல்ல. அதை நம்புகிறேன். ஆனால் கர்ப்பப்பையை இழந்து, இன்னும் தன்னைப் பிடிக்கிறதா என்று ஒருத்தி நடுங்கிக்கொண்டு கேட்டாள். நான் அந்த நடுக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேனே... அதற்கு எந்த மருத்துவர் மருந்து தருவார்?

சொல்லிவிடத்தான் நினைத்தேன். போன மாதம் காப்பி குடிக்கும்போது, அந்த விரதமெல்லாம் என்று தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"நானே சொல்லணும்னு இருந்தேன். எனக்காக ஒரு வருஷம் இருந்தீங்க. இந்தத் தைப்பூசத்துக்கு உங்களுக்காக நான் பால்குடம் எடுக்கறேன். இன்னிலேருந்து பாய் எனக்கு. நீங்க கட்டில்ல தனியாப் படுங்க."

அவள் கண்ணில் அத்தனை குறும்பு! நானும் சிரித்துவிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

அவள் இருப்பது உண்மையான விரதம். என் பொய்க்காக இருக்கிறாள்...

நேற்று குடம் வாங்க சிராங்கூன் சாலைக்கு என்னை அழைத்துப் போனாள். கடைக்காரர் சின்னதும் பெரியதுமாக எடுத்து வைத்தார்.

"பெரிசே குடுங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் எனக்காகப் பட்டதுக்குச் சின்னது போதாது."

கடைக்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். நான் பெரிய குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.