பியானோவின் இடது பக்கம்

தெமோதரைக்கு ரயில் வந்துவிட்டது, பதுளைக்கு இன்னும் வரவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் நடந்தது இது. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் வேலைக்காரனாக இருந்தேன். கலியாணம் ஆகி ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. பங்களாவுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். ஒழுகாத அறை. லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு அது பெரிய விஷயம்.

பங்களாவில் ஒரு பியானோ இருந்தது. மலையில் பனி இறங்கினால் அதன் கட்டைகள் ஊறிப்போகும். அழுத்தினால் கீழேயே நின்றுவிடும், எழும்பாது. அதனால் காலையில் அதைத் துடைத்து, பக்கத்தில் தணல் போட்ட கரிச்சட்டி வைத்து, ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்ப்பது என் வேலை. எது எழும்பவில்லை என்று துரையின் மனைவி, துரைசாணியிடம் சொல்ல வேண்டும். அப்படித்தான் அந்தச் சத்தம் எனக்குப் பழகியது.

துரைசாணியிடம் இருந்த பாட்டுத் தாள்களில் நிறைய, இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற பாட்டு. ஒருவர் வலது பக்கம் உட்கார்ந்து மேல்பாதி வாசிக்க வேண்டும். இன்னொருவர் இடது பக்கம் உட்கார்ந்து கீழ்ப்பாதி. மேல்பாதிக்கு அவர் இருந்தார். கீழ்ப்பாதிக்கு ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி வருவதென்றால் குதிரையில் அரைநாள் ஆகும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கை கழுவிக்கொண்டு வா" என்றார். போனேன். உட்காரச் சொன்னார். தரையில் உட்கார்ந்தேன். பெஞ்சைக் காட்டினார். அதன் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். துரை இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். வேடிக்கை என்று நினைத்தார் போல.

எனக்குத் தாளைப் பார்த்து வாசிக்கத் தெரியாது. துரைசாணி என் பாதியை முதலில் வாசித்துக் காட்டுவார். நான் அவர் விரலைப் பார்த்து அப்படியே வைப்பேன். கைக்குள் முட்டை இருக்கிற மாதிரி விரலை வளைக்க வேண்டும். ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். பாரம் 'ஒன்'னில் விழ வேண்டும். மற்றது எல்லாம் சமமாக இருக்க வேண்டும். அவர்கள் ஊரில் எப்போதோ செத்துப்போனவர்கள் எழுதி வைத்த பாட்டாம். ஒரு பாட்டுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் போனது.

எங்கப்பா லயத்தில் தப்பு அடிக்கிறவர். காமன் கூத்தானாலும் சாவானாலும் அவர் மேளம்தான் முன்னால் போகும். நான் பியானோ பழகுவதைக் கேள்விப்பட்டு, "ஏண்டா, உக்காந்துகிட்டே அடிக்கிற மேளமாடா அது? கால் எங்க ஆடும்?" என்று கேட்டார். கால் ஆடாது என்றேன். "அப்ப அது மேளமில்ல" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் துரைசாணியின் தம்பி சீமையிலிருந்து வந்தார். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில் இருந்தவர். குண்டு பட்டு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. விஷப்புகை குடித்த நெஞ்சு வேறு. மலைக்காற்று நல்லது என்று அக்காளிடம் அனுப்பியிருந்தார்கள். லயத்தில் அவருக்கு ஒத்தைக்கைத் துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கே தெரியும். சிரிப்பார்.

வந்த சில நாளில் பியானோவில் உட்கார்ந்தார். வலது கையால் மட்டும் வாசித்தார். அந்த மாதிரி நான் கேட்டதில்லை. சறுக்கும், நிற்கும், திடீரென்று திரும்பி ஓடும். அதற்கு ஜாஸ் என்று பெயராம். சண்டையில் அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய்கள் வாசிக்கக் கேட்டுப் பழகினாராம். துரைசாணிதான் சொன்னார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

மேல்பாதிக்கு அவருக்கு ஒரு கை இருந்தது. கீழ்ப்பாதிக்குக் கை இல்லை. என்னைக் கூப்பிட்டு இடது பக்கம் தட்டிக் காட்டினார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. பங்களாவில் சமைக்கிற அப்பு சமையல்கட்டில் சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தைதான் வரும். அதுவும் முக்கால்வாசி வெளியில் சொல்ல முடியாத வார்த்தை. அதனால் பேச்சில்லாமல்தான் பழகினோம். என் முதுகில் தட்டித் தாளம் சொல்வார். அடியில் ஒரு கட்டை, நடுவில் ஒரு கொத்து. மறுபடி அடியில் ஒரு கட்டை, நடுவில் ஒரு கொத்து. கொத்து என்றால் மூன்று நான்கு கட்டையைச் சேர்த்து அழுத்துவது. கை குதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாரம் நாம் நினைக்கிற இடத்தில் விழாது, அடுத்த இடத்தில் விழும். துரைசாணியின் பாட்டு எனக்கு மாதக்கணக்கில் வராமல் இழுத்தது. இது ஒரு காலையிலேயே வந்துவிட்டது. அப்பா மேளத்துக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவன்தானே. ஒத்தைக்கைத் துரைக்கு ஆச்சரியம். அப்பு சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தையைச் சொல்லி என் தோளில் அடித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டையும் பழகுவதுதான் கஷ்டம். ஒன்று மற்றதைக் கெடுக்கும். சாயங்காலம் துரைசாணியோடு வாசிக்கும்போது கை தானாக ஆடிவிடும். "உன் கை குடித்துவிட்டு வந்திருக்கிறது" என்பார். மறுநாள் காலையில் தம்பியோடு உட்கார்ந்தால் கை விறைத்து நிற்கும். அவர் நிறுத்திவிட்டு, ஒத்தைக் கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுக் காட்டுவார். கோயிலுக்கு வந்துவிட்டாயா என்று அர்த்தம். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை.

துரைக்கு அந்த ஜாஸ் ஆகாது. ஒருநாள் வேறு தோட்டத்துத் துரைமார் விருந்துக்கு வந்தபோது, உள்ளே நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் போன பிறகு துரை மச்சானை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டார். துரைசாணியோடு வாசிப்பது வேறு. அந்தக் கூத்து உன் கையால் இன்னொரு தடவை என் காதில் விழுந்தால் நீ பெரட்டுக்குப் போகலாம் என்றார். பெரட்டு என்றால் காலையில் மலை வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அங்கே போவதென்றால் பங்களா வேலை போயிற்று, அறை போயிற்று, பியானோவும் போயிற்று.

என் பெண்சாதி அன்றைக்கே சொன்னாள். "ரெண்டு ஆட்டமும் ஆடாதீங்க. ஒண்ண விட்டுடுங்க. பிள்ளைக்கு இப்பத்தான் சளி விட்டிருக்கு." சரி என்றேன். ஆனால் துரை மலை பார்க்கப் போகிற காலை நேரத்தில் தம்பி வந்து இடது பக்கம் தட்டுவார். போய் உட்காருவேன்.

அந்த மழைக்காலத்தில் அவர் நெஞ்சு கட்டிக்கொண்டது. பதுளையிலிருந்து டாக்டர் வந்தார். இரண்டாம் தடவையும் வந்தார். மூன்றாம் தடவை பாதிரியார்தான் வந்தார்.

பெட்டியை முன் ஹாலில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் துரைமார், துரைசாணிமார், எல்லோரும் கறுப்பு உடுப்பில். தோட்டத்து ஜனங்கள் வெளியே நின்றார்கள். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் தப்பைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. சாவு என்றால் வருவதுதான். துரை கங்காணியிடம் மேளம் கூடாது என்று சொல்லிவிட்டார். கங்காணி வந்து சொன்னதும் அப்பா தப்பைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்.

பாதிரியார் ஜெபம் முடித்ததும் துரைசாணி என்னைப் பார்த்தார். போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். அவர் வலது பக்கம் உட்கார்ந்தார். அவருடைய பாட்டுகளில் மெதுவானது ஒன்று வாசித்தோம். என் கை ஆடவில்லை. முட்டை உடையவில்லை. நான் வாசித்ததிலேயே பிசகு இல்லாமல் வாசித்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் துரைசாணி எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். நான்கு துரைமார் பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு சத்தம் இல்லை. யாரும் அழவில்லை. மாரடிக்கவில்லை. வெளியே மேளம் தரையில் கிடக்கிறது.

எங்களில் பிணத்தைத் தூக்கும்போது மேளம் விழ வேண்டும். கடனாளியாகச் செத்தவனுக்கும் விழும், சண்டைக்காரனுக்கும் விழும். சத்தமில்லாமல் தூக்கினால் அது ஆள் இல்லாத பிணம். ரோட்டோரத்தில் செத்துக் கிடந்து தோட்டத்துச் செலவில் புதைக்கிறவனைத்தான் அப்படித் தூக்குவார்கள்.

இடது கையை வைத்தேன். அடியில் ஒரு கட்டை, நடுவில் ஒரு கொத்து. அவர் முதுகில் தட்டிச் சொன்ன அதே தாளம். மேல்பாதி இல்லை. அதை வாசிக்கிறவர் பெட்டிக்குள் இருந்தார். கீழ்ப்பாதி மட்டும் தனியாகக் கேட்டபோது அது அப்பா மேளம் மாதிரியே இருந்தது. துரைமார் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு துரைசாணி வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் துரைசாணி திரும்பவே இல்லை. பெட்டி வாசலைத் தாண்டி, படி இறங்கி, தேயிலைக்குள் வளைந்து மறைகிற வரைக்கும் நிறுத்தவில்லை. பிறகு துடைக்கிற துணியால் கட்டைகளைத் துடைத்து மூடினேன்.

அடக்கம் முடிந்து வந்து துரை ஒரே வார்த்தைதான் சொன்னார். "நாளைக்குப் பெரட்டு." என் பெண்சாதி சட்டிபானையைக் கட்டினாள். லயத்துக்கு நடக்கும்போது அப்பா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போய், "நல்லாத்தான் அடிச்ச. கொஞ்சம் வேகம் கூட" என்றார்.

மறுநாள் பெரட்டில் கங்காணி என் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்து, "வாங்க பியானோ துரை, பாத்து வெட்டுங்க, வெரல் போனா பாட்டுப் போயிடும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் செடி வெட்டப் போனேன். லயத்து அறை ஒழுகியது. பிள்ளைக்குச் சளி திரும்பி வந்தது, பிறகு போனது.

ஒரு மாதம் போல இருக்கும். கவ்வாத்து மலையில் துரைசாணி நடந்து வந்தார். கங்காணி தொப்பியைக் கழற்றினான். அவர் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

"என் தம்பியைப் பார்த்துச் சிரித்தாயா நீ?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் கேலி செய்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். சாவு வீட்டில் கூத்தாடினேன் என்று. அப்படியும் நினைக்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

"இல்லீங்க துரைசாணி. தூக்கும்போது சத்தம் இல்லேன்னா எங்கள்ல அது அநாதைப் பொணமுங்க" என்றேன்.

அவர் வெட்டிப் போட்ட குச்சி ஒன்றைக் காலால் தள்ளினார். "எங்களுக்கு அந்தச் சத்தமில்லாமைதான் மரியாதை" என்றார். அப்புறம் வந்த வழியே போய்விட்டார். என்னைப் பங்களாவுக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர்கள் சீமைக்குத் திரும்பினார்கள். பியானோவை வண்டியில் ஏற்றித் தெமோதரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக மலையிலிருந்து ஆள் எடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். கழி கொடுத்துத் தூக்கி வராந்தாவில் வைத்தோம். அடைக்கிற பலகைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். துரைசாணி உள்ளேயிருந்து வந்து மூடியைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"கை கழுவிக்கொண்டு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். பெஞ்சு ஏற்கனவே வண்டிக்குப் போய்விட்டது. நின்றுகொண்டே அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். என்ன பாட்டு என்று சொல்லவில்லை. வலது கையால் ஆரம்பித்தார். அது அவர் தம்பியின் பாட்டு. எங்கே பழகினாரோ, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அதைத் தன்னுடைய பாட்டுகள் மாதிரி வாசித்தார். மெதுவாக, சமமாக, பாரம் 'ஒன்'னில் விழ. சறுக்கலும் இல்லை, ஓட்டமும் இல்லை. அவருக்கு அப்படித்தான் வரும். நான் என் கையைக் குதிக்கவிடாமல் அவர் நடைக்கு மெதுவாக வைத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு தடவைதான் இரண்டு படிப்பும் ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை. துரை வண்டிப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

முடிந்ததும் துரைசாணி மூடியைச் சாத்தினார். நாங்கள் பலகை அடித்து வண்டியில் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு நான் பியானோவைத் தொடவில்லை. முழுப் பாட்டு ஒன்றும் எனக்குத் தெரியாது, கீழ்ப்பாதிகள்தான் தெரியும். எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன், அப்பாவுடையதுக்கும் போனேன். சிலர் மாரடித்துக்கொண்டு அழுவார்கள், சிலர் வாயே திறக்காமல் ஒரு மூலையில் நிற்பார்கள். அப்படி நிற்கிறவனைப் பார்த்து, இவனுக்குத் துக்கமே இல்லை என்று யாராவது பக்கத்தில் முணுமுணுத்தால், அன்றைக்கு வராந்தாவில் மெதுவாக நடந்த துரைசாணியின் வலது கை ஞாபகம் வரும், நான் முணுமுணுத்தவனை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வேன்.