சத்தமாப் படி

அப்பா செத்த வருஷம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. ஜங்ஷனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், காமாலையில் போனார். பத்தியம் என்றால் அவருக்கு ஆகாது. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். எனக்குப் பசித்தது. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பீங்கான் பொம்மை செய்யும் இடத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டுகிற வேலை. சாயங்காலம் புடவையெல்லாம் வெள்ளை மண்ணாக வருவாள். கை கால் கழுவியதும் முதல் வார்த்தை, "சத்தமாப் படி."

அவள் மட்டும் இல்லை. பொழுது சாய்ந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பாடத்தைக் கத்துவார்கள். சந்தைக்கடை தோற்றுப்போகும். எழுத்தே தெரியாத தாய்க்குப் பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று வேறு எப்படித்தான் தெரியும்? சத்தம் நின்றால் படிப்பு நின்றது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் வந்த தமிழ் டீச்சர் இதை மாற்றப் பார்த்தார். தகரப் பெட்டியில் பூட்டிக் கிடந்த கதைப் புத்தகங்களை வெளியே எடுத்து, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "வாய மூடிக்கிட்டுக் கண்ணால படிங்க" என்றார். சிரித்தோம். வாயை மூடினால் அதற்குப் பேர் தூக்கம் இல்லையா? ஆனால் அன்று மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. நான் என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோயிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதுவும் பிடிக்காத நாட்கள் அவை.

பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அம்மாவிடம், "கதை புக்கு குடுத்து விடுறேங்க. தொந்தரவு பண்ணாம வூட்டுல படிக்க வுடுங்க" என்றார். "சரிங்க டீச்சர்" என்று தலையாட்டினாள் அம்மா. வீட்டுக்கு வந்ததும், "டீச்சரே சொல்லிட்டாங்க பாரு. சத்தமாப் படி."

டீச்சர் சொன்னதில் 'படிக்க' என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது. கதையைச் சத்தமாகப் படித்தால் பாடம் இல்லை என்று தெரிந்துவிடும். புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாளோ என்று பயம். அதனால் புவியியல் பாடம் ஒன்றை உருப்போட்டு வைத்துக்கொண்டேன். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும், கண் கதையில் இருக்கும். திருட்டுப் பூனை பால் குடித்த மாதிரிதான்.

ஒரு நாள் அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். "தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் வீசத் தொடங்குகிறது. காற்றோடு கடலுக்குப் போன அவள் புருஷன் இன்னும் கரை திரும்பவில்லை."

வாய் எப்போது தாவியது என்று எனக்கே தெரியாது. அம்மாவின் கை நின்றது.

"யாரு புருஷன்?"

மாட்டிக்கொண்டேன். "கதைம்மா" என்றேன். அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை.

"அதப் படி. மொதல்லேருந்து."

படித்தேன். ஒரு மீனவன் கதை. அவன் பெண்டாட்டி கரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அரிசியைத் தொடவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் "அப்புறம்?" என்றாள்.

கடைசிப் பக்கம் வந்தது. புத்தகத்தில் அவன் வரவில்லை. படகு மட்டும் ஒதுங்குகிறது. நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "விடிந்ததும் அவன் வந்து கதவைத் தட்டினான்" என்று படித்தேன்.

அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"கதையில வந்துருவாங்க" என்றாள்.

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கதவு தட்டுற எடத்த இன்னொரு தரம் படி" என்றாள். "சத்தமா."

புத்தகத்தில் இல்லாத அந்த வரியை மறுபடியும் சத்தமாகப் படித்தேன்.