வண்டிப்பாதை என்று எழுதிய ஓடை

ஓர் ஓடையை வண்டிப்பாதை என்று நான் வரைபடத்தில் எழுதினேன். தெரியாமல் செய்ததல்ல. நில அளவைப் படத்தில் அது ஓடை என்றுதான் இருந்தது. அதில் இறங்கி நடந்தும் பார்த்திருந்தேன்.

நகரமைப்புப் படித்துவிட்டு, வேலூரில் சொந்தமாக அலுவலகம் வைத்து, மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவன் நான். குறுக்கே ஓடை வரும் நிலத்துக்கு எங்களில் பலர் கோடையில்தான் விண்ணப்பம் போடுவோம். பார்வையிட வரும் அதிகாரி கண்ணில் காய்ந்த பள்ளம்தான் படும். அதற்கு முன்பே லாரியில் செம்மண் கொட்டி, ஒரு மாட்டு வண்டியை நாலைந்து தடவை ஓட்டிவிட்டால் தடமும் விழுந்துவிடும்.

அந்த நிலம் ஆம்பூருக்குக் கிழக்கே இருந்தது. சொந்தக்காரர் தோல் பதனிடும் ஷெட் நடத்தியவர். வெளிநாட்டு ஆர்டர் குறைந்ததும் மனை விற்க வந்தார். கூட்டாளி, உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ஒருவரின் மைத்துனர். ஓடையை விட்டு, இரு கரையிலும் இடம் விட்டு நான் போட்ட முதல் படத்தில் பதினோரு மனைகள் குறைந்தன.

"இன்னா சார், ஸ்கூல் பையன் பரிச்சைக்குப் போட்ட மாதிரி போட்டுனு வந்துக்கிறீங்க?" என்றார் ஷெட்காரர்.

"ஓடைங்க அது. மழை வந்தா தண்ணி அதுலதான் போவும்."

"நம்ம ஊர்ல மழையே கம்மி. அத ரோடாக்கிடுங்க."

மைத்துனர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சாரைப் பேஜார் பண்ணாதண்ணே. மெட்ராஸ்ல ரெண்டு நாள்ல போட்டுக் குடுக்கறாங்க. அப்புறம் இந்தப் பக்கம் சாருக்கு எவன் வேலை குடுக்கறான்னு பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இப்படி மறுத்த ஒருவர் தொழிலை விட்டு ஜெராக்ஸ் கடை வைத்திருந்ததை நான் அறிவேன். அன்று சாயங்காலமே ஓடையை வண்டிப்பாதை என்று எழுதினேன். அதன் ஒரு பகுதி முப்பதடிச் சாலையானது, மீதி மனைகளானது.

அனுமதி வந்ததும், ஓடைமேல் விழுந்த மனைகளில் ஒன்றைப் பார்க்க ஒரு நர்ஸ் வந்தார். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள். நானும் அன்று அங்கே இருந்தேன். ஷெட்காரரை விட்டுவிட்டு, படித்தவன் என்று என்னிடம் கேட்டார்: "மழைல தண்ணி வராதில்ல சார்?"

"வராதும்மா" என்றேன்.

அவர் வீடு கட்டி மூன்றாவது மழைக்காலத்தில், பின்வாசல் வழியாக முட்டியளவு தண்ணீர் உள்ளே வந்தது. மேலே எங்கோ இருந்த தோல் ஷெட்டுகளின் கழிவும் அதில் கலந்திருந்தது. கேள்விப்பட்டுப் போனேன். டெட்டால் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்றம் போகவில்லை.

"நல்ல வேளை வந்தீங்க சார். கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. எனக்கு அந்த மாதிரி எழுத வராது."

அவர் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். மழையைப் பற்றி ஆரம்பித்து, அடித்துவிட்டு, நான் செய்ததை எழுதிக் கையெழுத்திட்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வேற எடம் பாத்துனு இருப்பேனே" என்றார். "சரி, குடுங்க. நானே கொண்டு போறேன்."

என் உரிமம் ரத்தானது. அது நியாயம். ஷெட்காரர், படம் போட்டவன் கையெழுத்தைப் பாருங்கள் என்று கைகாட்டி ஒதுங்கிக்கொண்டார். மனைகள் எல்லாம் எப்போதோ விற்றிருந்தன. ஓடையை மீட்க உத்தரவு வந்தது. மனுவில் நான் அதை மட்டும்தான் வேண்டியிருந்தேன். மீட்டால் எது இடிபடும் என்று மனு எழுதும்போதே எனக்குத் தெரியும். அதை நர்ஸிடம் சொல்லவில்லை.

அளக்க வந்த நாளில் பழைய எல்லைக் கற்கள் ஒன்றுகூட இல்லை. சர்வேயர் என்னை நடந்து காட்டச் சொன்னார். சாலையோரமாக நடந்து, நர்ஸ் வீட்டு மதிலருகே நின்றுவிட்டேன். அவர் வாசலில் மகளோடு நின்றார்.

"காட்டுங்க சார்" என்றார். "இந்த வாட்டியாவது சரியா காட்டுங்க."

காட்டினேன். சுண்ணாம்புக் கோடு சமையலறைக்குள் போய் முன்னறையின் பாதியில் வெளியே வந்தது. அடுத்த வாரம் இடித்தார்கள்.

இப்போது அவர் கணியம்பாடிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. சென்ற மழையில் அந்த மனைப்பிரிவில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை.