ஒன்பது கேள்விக்கும் பதில்

ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஆவியில் நின்று நின்று முகம் அவித்த கிழங்காகிவிட்டது என்று தானே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் அவள் டீச்சர். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற நீள அறையில், கால் ஆடும் பெஞ்சுகளில் இருபது பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டில் வேலை என்று ஆசை காட்டி ஆள் பிடிக்கிறவர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் பாடம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளை டீச்சராக்கியது, கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்த மிஷன் அம்மா.

மிஷன் அம்மா நல்ல மனுஷி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். இரண்டு வருடம் கொசுக்கடியில் கிடந்து, மழலை மாதிரி நம் மொழியைப் பேசி, வீடு வீடாக ஏறி இறங்கினாள். பதினேழு வயதில் வீட்டு வேலைக்கென்று போய், ஒரே ஒரு கடிதத்தோடு காணாமல் போன அக்காவைப் பற்றி இவள் சொன்னபோது, கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். இந்தப் பாடத்தை நீதான் நடத்த வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்பது கேள்விகள் எழுதினார்கள். வேலைக்குக் கூப்பிடுகிற ஆளிடம் கேட்க வேண்டியவை. முதலாளி பெயர் என்ன, முகவரி என்ன, ஒப்பந்தம் நம் மொழியில் உண்டா, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும் என்று போகும். கடைசிக் கேள்வி இவளுடையது: வேலை பிடிக்கவில்லையென்றால் என்னைத் திருப்பி அனுப்புவது யார்? அக்கா கடிதத்தின் கடைசி வரியே அதுதான். திரும்பி வர யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

ஒன்பதுக்கும் பதில் வந்தால் போகலாம், ஒன்று குறைந்தாலும் கூடாது. இதுதான் சட்டம். கேள்விகளை மஞ்சள் தாளில் அச்சடித்தார்கள். பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை வாசல் என்று சுவர் கண்ட இடமெல்லாம் மஞ்சள்தான். மிஷன் அம்மா ஊர் திரும்பிய பிறகும் மூன்று வருடம் ஒரு சனிக்கிழமை தவறாமல் இவள் வகுப்பு நடத்தினாள்.

வகுப்பில் முதல் பெஞ்சு அவள் தம்பி மகளுக்கு. பத்தொன்பது வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வீட்டில் 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது கேள்வியும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணம் ஆகாத அத்தைக்கு அவள்தான் உலகம். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தம்பி முதுகு போய்ப் படுத்த வருடம், வாயாடி ஒரு மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கே ஓடி வந்தாள். ஒன்பது கேள்விக்கும் நேரே பதில் எழுதி, டிக் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தது ஒரு நடுத்தர வயது அம்மாவாம். சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்தாளாம். முதியோர் இல்லத்தில் வேலை என்றாளாம். முகவரி, ஒப்பந்தம், தங்கும் அறையின் படம், எல்லாம் ஒரு கோப்பில் வரிசையாக இருந்ததாம்.

"கடைசிக் கேள்விய நான் கேக்கவே இல்ல அத்தை. அதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க, பிடிக்கலன்னா நானே டிக்கெட் போட்டு அனுப்புறேன்னு. எவ்வளவு நல்லவங்க பாருங்க."

டீச்சர் அந்த டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊரெல்லாம் ஒட்டிய தாள். கேள்வி கேட்கப் போகிறவர்கள் மட்டும்தான் அதைப் படிப்பார்கள் என்று மூன்று வருடமாக நம்பியிருக்கிறாள். பதில் சொல்லப் போகிறவர்களுக்கும் கண் இருக்குமே! இந்தச் சின்ன விஷயம் அவளுக்கும் தோன்றவில்லை, அத்தனை படித்த மிஷன் அம்மாவுக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போய், அனுப்பாதே என்று மன்றாடினாள். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த தம்பி கோபப்படக்கூட இல்லை.

"கேக்கச் சொன்னதும் நீதான், கேட்டா பத்தாதுங்கறதும் நீதான். சரிக்கா, அவங்க என்ன பதில் சொன்னா நம்புவ? அதச் சொல்லு."

பத்தாவது கேள்வி ஒன்று அவளிடம் இல்லை. தாளில் முகவரியோடு எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் குரல் மரியாதையாகப் பேசியது, முகவரியை ஒப்பித்தது, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றது. அதற்கு மேல் என்னத்தைக் கண்டுபிடிப்பது? வாயாடி புறப்பட்ட அன்று அத்தை பேருந்து நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். நிறுத்தத்துச் சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. வாயாடி அதைத் தொட்டுக் காட்டிச் சிரித்துவிட்டு ஏறினாள்.

பதினோரு நாள் போன் வந்தது. ஒவ்வொரு நாளும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வாயாடி, வெறும் "ம்" கொட்டினாள். பன்னிரண்டாம் நாள் அந்த எண்ணே இல்லை என்றது போன். போலீஸ்காரர் மஞ்சள் தாளை இரண்டு தடவை படித்தார். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, வயது வந்த பெண் தானாகப் போயிருக்கிறாள், இதில் புகார் என்ன என்று கேட்டார். அந்த முகவரியில் முதியோர் இல்லம் உண்மையிலேயே இருந்தது. அப்படி ஒரு பெண் அங்கே வந்ததே இல்லை என்று பதில் வந்தது.

மிஷன் அம்மாவுக்கு எழுதினாள். தாளை இனி அச்சடிக்க வேண்டாம், சுவரில் இருப்பதையும் கிழிக்க வேண்டும் என்று கெஞ்சினாள். அவளும் அழுதுதான் பதில் எழுதியிருப்பாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மறு அச்சு முடிந்து கட்டுகள் கப்பல் ஏறிவிட்டனவாம். இன்னும் நான்கு மொழிகளில் போட்டிருக்கிறார்களாம். உன் மருமகளுக்காக எங்கள் சபை முழுதும் ஜெபிக்கிறது என்று முடித்திருந்தாள்.

வாயாடி போய் ஏழு மாதம் ஆனது. அந்தச் சனிக்கிழமை டீச்சர் வகுப்பை மூடிவிடத்தான் போனாள். புதுக் கட்டு மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது. முதல் பெஞ்சில், வாயாடி உட்காரும் இடத்தில், முன்பின் பார்த்திராத ஒரு பெண். பதினெட்டு இருக்கும். எழுந்து வந்து ஒரு தாள் கேட்டாள்.

இன்றைக்குத் தாள் கிடையாது, வகுப்பும் கிடையாது என்றாள் டீச்சர். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

"நாளைக்கு வீட்டுக்கு ஒருத்தங்க வராங்க டீச்சர், வேலை விஷயமா. அவங்கதான் உங்ககிட்ட போய் இந்தத் தாள வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஒரு கேள்வி விடாம நல்லா கேட்டுக்கோன்னு சொன்னாங்க."