தாலி கட்டும்போது எடுத்த குளோஸ்-அப்

மகன் லண்டனில் சினிமா படிக்கிறான் என்று ஊரில் அம்மாவும் அப்பாவும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் படித்ததைவிடத் தூங்கி விழுந்ததுதான் அதிகம். விடிய எழும்பி சூப்பர் மார்க்கெட்டில் பால் அடுக்கிவிட்டு, பத்து மணி வகுப்பில் போய் உட்கார்ந்தால், இருட்டும் ஹீற்றர் சூடும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். வைட் ஷொட், மிட் ஷொட், குளோஸ்-அப் எல்லாவற்றையும் அரைக் கண்ணால்தான் கற்றேன். சனி ஞாயிறுகளில் லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த ஒரு அண்ணையோடு கலியாண வீடியோ எடுக்கப் போவேன். ஓய்வு என்ற சொல்லை அந்த வருடங்களில் பாவித்த ஞாபகமே இல்லை.

கலியாண வீடியோவுக்கென்று தனிப் படிப்பு இருந்தது. கமராவை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. சபையில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் தடவிக்கொண்டு போகவேண்டும். ஒரு மாமி விடுபட்டாலும் வருடக்கணக்காகப் பேச்சு வரும். கனடாவில் இருப்பவர்களும் ஊரில் இருப்பவர்களும் வீடியோ கசற்றைப் போட்டு, யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் மெலிந்துபோனார்கள் என்று பார்ப்பார்கள். அண்ணையைப் பொறுத்தவரை சினிமா அவ்வளவுதான்.

முதல் பயிற்சிப் படத்தை வகுப்பில் போட்டபோது அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக்கொடுத்தது. பஸ் தரிப்பில் நின்ற நாலு பேரை எடுத்திருந்தேன். ஒருவரையும் விடாமல் இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நடுவில் இரண்டு தரம் சூம். பின்வரிசையில் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது. எதையாவது காட்டாமல் விட ஏன் இவ்வளவு பயப்படுகிறாய் என்று கேட்டார். அடுத்த பயிற்சி, ஒரு முக்கியமான கணத்தை முகத்தைக் காட்டாமல் ஒரே குளோஸ்-அப்பில் எடுத்து வருவது. அதிலும் கோட்டை விட்டால் வருடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும். இன்னொரு வருடத்துக்கு என் உடம்பில் தெம்பில்லை.

அந்தச் சனிக்கிழமை லண்டனின் மறுகோடியில், ஹரோவில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். கலியாணப் பொம்பிளையின் தாய் ஊரில் இருந்தார். விசா கிடைக்கவில்லை. வாகனத்தை நிறுத்தும்போதே அண்ணை சொன்னார்.

"நான் சபையைப் பாக்கிறன். நீ பொம்பிளையின்ரை முகத்தை விடாதை. தாய்க்கு இந்தக் கசற்தான் கலியாணம். விளங்கிச்சுதோ?"

"ஓம் அண்ணை."

விளங்கத்தான் செய்தது. விளங்காமல் செய்துவிட்டேன் என்று இப்போது சொல்ல முடியாது.

காலை முழுவதும் முகத்தைத்தான் எடுத்தேன். கெட்டிமேளம் கொட்ட, சபை எழுந்து நின்றது. மாப்பிள்ளை தாலிக்கொடியோடு பொம்பிளைக்குப் பின்னால் வந்து குனிந்தார். அப்போதுதான் அவளுடைய கைகளைக் கண்டேன். மடியில் கிடந்த கூறைச் சேலையின் கரையை மடித்து, நீவி, திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு ஞாபகம் வந்தது. கமராவை முகத்திலிருந்து கைகளுக்கு இறக்கினேன். கட்டி முடியும்வரை கமராவும் என் கண்ணும் அந்தக் கைகளை விட்டு அசையவில்லை. சபை வாழ்த்தித் தூவிய அறுகரிசி வந்து விரல்களில் விழுந்தது. என்மேல் எனக்கே அப்படியொரு மரியாதை அதற்கு முன்னர் வந்ததில்லை. நான் நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்து, அவள் தோழியின் பக்கம் திரும்பியிருந்தாள்.

அந்தத் துண்டைப் பிரதி எடுத்து வகுப்பில் போட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆசிரியை இரண்டு தரம் போடச் சொன்னார். பின்வரிசை வாயே திறக்கவில்லை. நல்ல புள்ளிகளோடு பாஸ் செய்தேன். உச்சி குளிர்ந்துபோய்த்தான் அன்று வீட்டுக்கு வந்தேன்.

எடிட் செய்ய உட்கார்ந்த அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முகம் எங்கை?"

"கையை எடுத்தனான் அண்ணை."

அவருடைய கமராவில் எழுந்து நிற்கும் சபை மட்டும் இருந்தது. போட்டோக்காரருக்கும் மேடையேறிய ஒரு மாமாவின் முதுகுதான் கிடைத்திருந்தது. அண்ணையும் அந்த வாரம் முழுக்க ஷிப்ட் அடித்துவிட்டு வந்தவர். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சரி, இருக்கிறதைப் போடுவம். வேறை என்ன செய்யிறது?" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் பொம்பிளை எனக்குப் போன் எடுத்தாள். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தேன்.

"அம்மாவுக்குக் கசற் கிடைச்சிட்டுது, அண்ணா. தாலி கட்டுற இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கிறாவாம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"அந்த நேரம் நான் அழுதனானோ எண்டு கேக்கிறா. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை, ஒரே பதற்றம். அவரும் பின்னுக்கு நிண்டவர். நீங்கள்தானே நேர முன்னுக்கு நிண்டனீங்கள்?"

நின்றேன்தான். இரண்டு முழத் தூரம். அந்த மண்டபத்தில் அவளுடைய முகத்துக்கு நேரே, அவ்வளவு கிட்ட, வேறு ஒருவரும் நிற்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், ஊரில் அந்த அம்மா கசற்றை இன்னொரு தரம் பின்னுக்கு ஓட்டுவதை நினைத்தேன்.

"ஓம், அழுதனீங்கள்," என்றேன். "கொஞ்சமாய்."



"அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவா," என்றாள். "தான் பக்கத்திலை இல்லையெண்டு பிள்ளை கட்டாயம் அழுதிருக்கும் எண்டு."

பெரிய உதவி அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்த நேரம் அவள் சிரித்துக்கொண்டிருந்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.