இடக்கை விதி

பாபநாசத்தில் நான் பிளஸ் டூ படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இடது கைப் பழக்கம். அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மளிகைக் கடை. சாமானை இடது கையால் நீட்டிவிடுவாள் என்று கடைக்குள்ளேயே அவளை விடமாட்டார்கள். நாங்களும் சும்மா இல்லை, "நொட்டாங்கை" என்றுதான் கூப்பிட்டோம்.

இயற்பியலில் இடக்கை விதி வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இடது கையின் சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், இரண்டுக்கும் செங்குத்தாக நிற்கும் பெருவிரல் விசை. "ஒரு பாடத்துலயாவது என் கையைக் கேக்குறாங்கடி!" என்று மூன்று விரலையும் விறைப்பாக வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தாள். அதன் பிறகு எங்கள் எல்லோர் நோட்டிலும் அவள்தான் படம் போட்டாள். தாளுக்குள் போகும் புலத்துக்கு அவள் போடும் பெருக்கல் குறிகள், கயிறு பிடித்து நட்ட வயல் மாதிரி வரிசை பிசகாமல் இருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு சார் வந்தார். பெருக்கல் குறிகளுக்கு நடுவே ஒரு கம்பியை வரைந்து, மின்னோட்டத்துக்கு வலப்பக்கம் அம்புக்குறி போட்டார். "இந்தக் கம்பி எந்தப் பக்கம் தள்ளப்படும்? கையில காட்டும்மா."

பெரியவர் முகத்துக்கு நேரே இடது கையை எப்படி நீட்டுவது? மரியாதையாக வலது கையை நீட்டினேன். பெருவிரல் கீழே பார்த்தது. "கீழே சார்," என்றேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவள் என்ற திமிர் வேறு, குரல் கணீரென்று வந்தது.

அடுத்து அவள். கூசாமல் இடது கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "மேலே சார்," என்றாள். "சபாஷ்," என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி, "பெரியவங்க மூஞ்சிக்கு நேரா அந்தக் கையை நீட்டுறியே, வீட்டுல சொல்லித்தரலையா?" என்றேன். அவள் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் யார் நோட்டிலும் அவள் படம் போடவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது நானே இயற்பியல் டீச்சர். அந்தப் படத்தைப் போர்டில் போடும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. அவள் போட்ட வரிசை எனக்கு இன்றுவரை வரவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன நோன்புப் பெருநாளைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சேமியா பாயசம் கொண்டுவந்தாள். டம்ளர் இடது கையில் இருந்தது. என் பக்கத்தில் வந்ததும் சட்டென்று வலது கைக்கு மாற்றி நீட்டினாள்.

நான் என் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு மேலதான்டி," என்றேன்.