சங்கரன்கோவில் பக்கம் ஒரு வாகை மரத்தை அறுத்த நாள்

குற்றாலம் பற்றி இந்த வலைப்பூவில் எழுதியபோது, சங்கரன்கோவில் வட்டாரத்தில் இரண்டு நாள் சுற்ற என்ன இருக்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கோவிலைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். 1983 மாசி மாதம் நான் அங்கே போனது ஓர் இயந்திரத்தைப் பார்க்க. அந்தப் பயணத்தையே எழுதுகிறேன். போக நினைப்பவர்களுக்கு வேண்டிய தகவல்களும் இடையில் வரும்.

அப்போது மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர் ஒருவர், மரம் அறுக்கும் இயந்திரத்தை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார், மரம் விழுந்து கிடக்கும் இடத்திலேயே பலகை போட்டுக் கொடுக்கிறார் என்று தகவல் வந்தது. அதுவரை கிராமத்தில் மரம் அறுக்க வேண்டுமென்றால் இரண்டே வழி. குழி வெட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நாள் கணக்கில் வாள் இழுக்க வேண்டும். அல்லது மரத்தை வண்டியேற்றி டவுன் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மில்லே மரத்தைத் தேடி வருகிறது என்பது நல்ல செய்தியாகப் பட்டது.

மதுரையில் காலை ஆறு மணிக்குப் பேருந்து ஏறினேன். ராஜபாளையம், கரிவலம் வழியாகச் சங்கரன்கோவில் வந்து சேர ஒன்பதே முக்கால் ஆயிற்று. கட்டணம் எட்டு ரூபாய் சில்லறை. பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே டிராக்டர் நின்றது. அதன் பின்னால் கட்டியிருந்ததைப் பார்த்தால் கோவில் சப்பரத்துக்குச் சக்கரம் செய்துவிட்டு மற்றதை மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். பழைய லாரி அச்சின் மேல் இரும்புச் சட்டம். அதன் நடுவில் நாலடி குறுக்களவில் ஒரு வட்ட ரம்பம், சாக்குப்பை சுற்றியபடி. பக்கவாட்டில் மடக்கிக் கட்டிய தண்டவாளத் துண்டுகள்.

உரிமையாளர் சுலைமான் பாய்க்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். அவரே ஓட்டுநர், அவரே அறுப்பவர். தள்ளுவதற்கு இரண்டு ஆட்கள் வைத்திருந்தார். என்னை மட்கார்டின் மேல் உட்காரச் சொன்னார். இளையரசனேந்தல் போகும் பாதையில் ஒன்றரை மணி நேரம் போனோம். டிராக்டர் மனிதன் ஓடுவதைவிடச் சற்று வேகமாகப் போனது. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல்.

"எந்த மரம்னாலும் அறுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"புளி மட்டும் தொடுறதே இல்ல அண்ணாச்சி. ஊருக்கு ஊரு பேயப் புடிச்சுப் புளியிலதான அடிக்காவ? ரம்பத்துல ஒரு ஆணி பட்டாப் போதும். பல்லு தெறிச்சு எவன் கழுத்துல ஏறும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"வேற மரத்துல அடிக்க மாட்டாங்களா?"

"பேய்க்குன்னு ஒரு அந்தஸ்து இருக்குல்லா? கண்ட மரத்துல குடியேறுமா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி நானும் சிரித்தேன்.

நாங்கள் போன ஊரின் பெயரை எழுதவில்லை. காரணம் படித்தால் விளங்கும். வேல்ச்சாமி என்ற விவசாயி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் சாய்ந்த வாகை மரத்தின் அடிமரத்தைப் பத்தடி நீளத்துக்கு வெட்டிப் போட்டு, மூன்று மாதமாகக் காய வைத்திருந்தார். கதவும் ஜன்னலும் அதில்தான். மரத்தின் அடிப்பாதி கரிசலில் புதைந்து, பட்டை முழுக்க மண் அப்பிக் கிடந்தது. முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். வேல்ச்சாமியின் மனைவி பேச்சி எங்களுக்கு மோர் கொடுத்தனுப்பினாள். தான் வரவில்லை. தள்ளி வேலியோரத்தில் நின்றாள்.

தண்டவாளத்தைப் பொருத்தி, தள்ளுவண்டியை ஏற்றி, டிராக்டர் கப்பியிலிருந்து ரம்பத்துக்கு பெல்ட் மாட்ட முக்கால் மணி நேரம் பிடித்தது. மரத்தைக் கடப்பாரையால் நெம்பி வண்டியில் ஏற்றினார்கள். சுலைமான் பாய் கோடாலியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"மரத்துல ஆணி, கம்பி, லாடம் ஏதாவது உண்டுமா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. பெறகு என்னயச் சொல்லக்கூடாது."

"ஒண்ணும் கெடையாது பாய்," என்றார் வேல்ச்சாமி. "அதுல மாடு கூடக் கட்டுனதில்ல."

"உண்மைதானா? எல்லாரும் சொல்லுங்க."

"பாய் பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா கேள்வி கேக்காரு," என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட உண்டு என்று சொல்லவில்லை.

ரம்பம் சுற்ற ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. முதல் தடவை தள்ளியபோது பட்டையோடு வளைந்த ஒரு சில்லு விழுந்தது. அடுத்து ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒரு பலகை. கையால் இழுத்தால் அரை நாள் ஆகும் வேலை, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. அறுத்த முகம் பழுப்பும் கருமையுமாக வரிவரியாக இருந்தது. வேல்ச்சாமி அதைத் தடவித் தடவிப் பார்த்தார். இன்னொரு பலகையும் விழுந்தது. நான்காவது தடவை, ரம்பம் மரத்தின் பாதி நீளத்தைத் தாண்டும்போது, ஒரு சத்தம் கேட்டது. கோவில் மணியைச் சம்மட்டியால் அடித்தால் அப்படிக் கேட்கலாம். நெருப்புப் பொறி பறந்தது. என் காதை உரசிக்கொண்டு ஏதோ போனது. திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்து வந்த மட்கார்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தகரத்தின் கிழிந்த விளிம்பு உட்பக்கமாக மடிந்திருந்தது.

சுலைமான் பாய் இன்ஜினை அணைத்தார். "யா அல்லா. ஹயாத்து கெட்டி அண்ணாச்சி, உமக்கும் எனக்கும் ஆயுசு இருக்கு" என்றார். ரம்பத்தில் மூன்று பற்கள் இல்லை.

உளியும் சுத்தியலும் எடுத்து, ரம்பம் முட்டிய இடத்தைப் பிளந்தார். மரத்துக்குள் மை கொட்டியது போல நீலக் கருப்பில் ஒரு கறை. கறையின் நடுவில் கட்டை ஆணி. ஆணியின் கழுத்தில் ஒரு கற்றை முடி, சுற்றி இறுக்கிக் கட்டியது.

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. பின்வாங்கியவர்கள் யாரும் ஆணியைப் பார்க்கவில்லை. வேலியோரத்தில் நின்ற பேச்சியைப் பார்த்தார்கள்.

சுலைமான் பாய் வேல்ச்சாமியின் சட்டையைப் பிடித்துவிட்டார். "கேட்டனா இல்லையாவே? ஊரே வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு நின்னியளே! இவர் தல போயிருக்குமே!"

"சொல்லப்படாது பாய்," என்றார் வேல்ச்சாமி. "அடிச்சத வாயால சொன்னாக் கட்டு அவுந்துரும்."

எனக்கு விளங்காததைப் பார்த்து, பக்கத்தில் நின்றவர் தாழ்ந்த குரலில் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் பேச்சியின் முதல் குழந்தை பிறந்து பதினைந்தாம் நாள் இறந்துபோனது. அதன் பிறகு அவள் யாரோடும் பேசாமல் இருந்தாள். பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். உடுக்கடித்துப் பேயை ஓட்டுகிறவரைத்தான் அங்கே கோடாங்கி என்பார்கள். மூன்று நாள் சாட்டையடி. மூன்றாம் நாள் அவள் கத்தினாள். பேய் பேசிவிட்டது என்று உச்சி முடியை அறுத்து மரத்தில் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். அந்த ஊரில் புளிய மரம் கிடையாது. அதனால் வாகை. ஆணி இருப்பது மொத்த ஊருக்கும் தெரியும். ரம்பம் அதன் மேல் போகாது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு, சுற்றும் ரம்பத்துக்கு எதிரே நின்றிருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

அவர் இதை எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் வேல்ச்சாமியின் தாய் வெள்ளையம்மாள் முன்னால் வந்துவிட்டாள். தலை முழுக்க நரைத்த, ஒல்லியான பெண்.

"ஏலே, நின்னு வேடிக்கையா பாக்கிய? சைக்கிள எடு. கோடாங்கியக் கூட்டிட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் கட்டிரணும். ஏட்டி பேச்சி, வீட்டுக்குள்ள போ. எங்கயும் நவுராத."

ஒருவன் சைக்கிளில் ஏறிப் போயும்விட்டான். இரண்டு பெண்கள் பேச்சியின் பக்கம் நகர்ந்தார்கள். அவள் உள்ளே போகவில்லை. நேராக மரத்தை நோக்கி வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அது மரியாதையால் அல்ல. பேச்சி ஆணியைக் குனிந்து பார்த்தாள். பிறகு மரத்தின் மறுபக்கம் போய், அப்பியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். பட்டை ஓரிடத்தில் புடைத்திருந்தது. புடைப்பின் நடுவில் ஆணியின் தலை தெரிந்தது.

"என்னுது இங்கன இருக்கு," என்றாள். "தலகூட இன்னும் மூடல. அது என்னுது இல்ல."

சுலைமான் பாய் இரண்டு இடத்தையும் விரலால் அளந்தார். "சரிதான். அந்த ஆணி பட்டையிலேர்ந்து ஆறு விரக்கடை உள்ள இருக்கு. எட்டு வருசத்துல மரம் இம்புட்டு மூடாது. முப்பது, நாப்பது வருசம் ஆயிருக்கும்."

"அப்ப அது ஆருக்குள்ளது?" என்று கேட்டது பொண்ணு பார்க்கும் பேச்சு பேசிய அதே குரல்.

கூட்டத்தில் இருந்த வயதான பெண்கள் மூன்று நான்கு பேர் ஒரே சமயத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிவதற்கு முன் அவர்கள் வெள்ளையம்மாளை ஒரு தடவை பார்த்ததை நான் கவனித்தேன். வேல்ச்சாமி தன் தாயைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"யம்மா?" என்றார்.

வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்து நரைத்த தலையை மூடிக்கொண்டாள்.

"அப்பம் ரெண்டு பேருக்கும் சேத்தே ஓட்டிருவோம்," என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே சொன்னார். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஓட்டுவல, ஓட்டுவ," என்று வெள்ளையம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "மொதல்ல எம்மேல கைய வையி பாப்போம். எவன் வைக்கான்னு பாக்கேன்." பிறகு மகனிடம், "சைக்கிள்ல போனவனத் திருப்பிக் கூப்பிடுல. ஒருத்தனும் வர வேண்டாம்" என்றாள்.

வேல்ச்சாமி ஒரு கணம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையில் ஓட ஆரம்பித்தார். நாற்பது வயது மனிதர், வெயிலில், செருப்பில்லாமல். கால் மணி நேரம் கழித்து அவரும், சங்கிலி கழன்று வழியில் நின்றிருந்த சைக்கிள்காரனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரும்வரை பேச்சி மரத்தின் பக்கத்திலேயே நின்றாள். பாதையில் இரண்டு உருவம் மட்டும் தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

மீதியைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு இரவு ரயில் இருக்கிறது. மதுரையிலிருந்து போகிறவர்கள் ராஜபாளையத்தில் மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து ஒரு மணி நேரம். மாசி, பங்குனி காலை நேரம் கரிசல் பாதைக்கு நல்லது. மழைக் காலத்தில் அந்த மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஆடித்தபசு சமயத்தில் தங்க அறை கிடைக்காது. கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். மரம் அறுக்கும் வண்டி இப்போதும் சில ஊர்களுக்கு வருகிறது. அறுக்கும்போது ரம்பத்துக்கு நேராக, முன்னாலோ பின்னாலோ நிற்காதீர்கள். நாற்பதடியும் போதாது. பழைய மரத்தில் வாங்கிய பலகையில் நீலக் கருப்பாகக் கறை இருந்தால் உள்ளே இரும்பு இருந்திருக்கிறது என்று அர்த்தம். மரத்துக்கு அதனால் பலம் குறையாது.

சுலைமான் பாய் மாற்று ரம்பம் ஒன்று கொண்டு வந்திருந்தார். ஆனால் பேச்சியின் ஆணியை எடுக்காமல் மேற்கொண்டு அறுக்க மாட்டேன் என்றார். தான் எடுக்க வேண்டுமா, அவளே எடுக்கிறாளா என்று அவளிடமே கேட்டார். அவள் உளியை வாங்கிக்கொண்டாள். பட்டையைக் கொத்தி, குறடால் பிடுங்கி, ஆணியை வெளியே எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. முடியை உருவி டிராக்டர் சக்கரத்தின் கீழே போட்டாள். ஆணியைப் புருஷன் கையில் கொடுத்தாள். வேல்ச்சாமி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரம்பம் மறுபடி சுற்றியது. மாலை நான்கு மணிக்குள் மொத்தம் பதினொரு பலகைகள் விழுந்தன.

தண்டவாளத்தை மடக்கிக் கட்டும்போது வெள்ளையம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் ஆணியை எடுத்து மரத்தூள் மேல் வைத்திருந்தோம். யாரும் தொடவில்லை. அவள் குனிந்து எடுத்தாள். எதற்காக அடித்தார்கள் என்று கேட்டேன். அவள் ஆணியின் கழுத்தில் சுற்றியிருந்த முடியை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து, வெயிலில் காட்டிப் பார்த்தாள். காற்றும் வெளிச்சமும் படாமல் மரம் மூடி வைத்திருந்த முடி அது. எண்ணெய் தேய்த்தது போல மின்னியது.

"இம்புட்டுக் கறுப்பாவா இருந்துச்சு?" என்றாள்.